பதினெட்டு வயதும் நமது கடைகளும்

சென்ற மாதம் சுங்கைப்பட்டாணியிலிருந்து உணவகம் நடத்தும் சகோதரர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு பையன்களை அவர் வேலைக்கு வைத்திருக்கிறார். இருவருக்கும் 17 வயது. மாலை 5 மணிக்கு வந்து இரவு 12 மணிக்குப் போகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "இது சட்ட விரோதம், தொழிலாளர் இலாகாக்காரர்கள் வந்தால் மாட்டிக்கொள்வீர்" என்று சொல்லிவிட்டாராம். சகோதரருக்கோ நம்பிக்கை வரவில்லை. "பதினாறு முடிந்தால் பெரிய ஆள்தானே நானா? என் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தானே கேள்விப்பட்டிருக்கிறோம்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பாதி சரி. அவருடைய வாப்பா காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு மாறிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. நம் வர்த்தகர்களில் பெரும்பாலோர் இன்னும் பழைய கணக்கிலேயே கடை நடத்தி வருகிறார்கள் என்பதை அன்றைய பேச்சில்தான் நான் நன்கு உணர்ந்தேன். ஆகவே இம்மாதப் பாடத்திற்கு இதனையே எடுத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் சிறுவர்களையும் இளையவர்களையும் வேலைக்கு அமர்த்துவது சம்பந்தமாக உள்ள தனிச் சட்டம் 1966-ம் வருஷத்தியது. சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் என்று அதனைச் சொல்லலாம். அதற்கு முன் இந்த விதிகள் 1955-ம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தன. 1966-ல் அவற்றைப் பிரித்தெடுத்துத் தனிச் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டம் முதலில் வந்தபோது 14 வயது நிரம்பாதவர் சிறுவர் என்றும், 14 முடிந்து 16 நிரம்பாதவர் இளையவர் என்றும் வகுத்திருந்தது. பதினாறு முடிந்தவனைப் பற்றி அது பேசவில்லை. நம் சகோதரர் மனத்தில் நிற்கும் கணக்கு இதுதான்.

2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 15 வயது நிரம்பாதவர் சிறுவர். 15 முடிந்து 18 நிரம்பாதவர் இளையவர். இந்த ஒரு மாற்றத்தினால், நேற்றுவரை 'பெரிய ஆள்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த 16, 17 வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். நம் கடைகளில் கல்லாவுக்குப் பின்னாலும், தே தாரிக் ஆற்றும் இடத்திலும், ஜவுளிக்கடை வாசலிலும் விடுமுறைக் காலத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த வயதினர்தாம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. மார்க்கத்தில் பாலிக் ஆகிவிட்டவன் தொழுகைக்கும் நோன்புக்கும் பொறுப்பாளி. அதை வைத்துக்கொண்டு, "நோன்பு பிடிக்கிற வயது வந்துவிட்டதே, வேலை செய்யக் கூடாதா?" என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். மார்க்கக் கடமை எப்போது தொடங்குகிறது என்பது ஒன்று. ஒரு முதலாளி ஒரு பிள்ளையின் உழைப்பை எத்தனை மணி வரை வாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் சொல்வது நாட்டின் சட்டம்.

வயதை அறிவது முன்காலத்தில் சிரமமாக இருந்தது. கெடா தோட்டங்களில், பீடோங், லுனாஸ், பாடாங் செராய், கோலக்கெட்டில் பக்கங்களில், பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்தே வேலை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் பெற்றோருடன் வந்து நிற்கும் பிள்ளை, ஆள் வளர்ந்திருந்தால், மங்கு கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போய்விடும். யுத்தத்துக்கு முந்திய நாளில் தோட்டக் கூலி விகிதத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என மூன்று விகிதங்கள் இருந்தன. சிறுவருக்கென ஒரு கூலி எழுதப்பட்டிருந்தது என்றால், சிறுவர் வேலை செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஐக்கிய மலாய் நாடுகளில் 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் காலையில் ஆய்களைப் போலவே பிள்ளைகளும் நிரைக்குப் போய்விட்டு மதியத்தில் தூங்கி விழுந்த பள்ளிகள் எத்தனையோ.

கடைத்தெருவில் நிலைமை அதைவிட மேலென்று நான் சொல்ல மாட்டேன். 1964-ல், எனக்குப் பன்னிரண்டு வயதில், உறவினர் ஒருவரின் மளிகைக்கடையில் என்னை விட்டார்கள். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. அரிசி மூட்டைகளுக்கும் வெங்காயக் கூடைகளுக்கும் நடுவே பாய் விரித்துக்கொள்வேன். அவர் கெட்டவர் அல்லர். அவரும் பத்து வயதில் 'ரஜூலா' கப்பலில் வந்து, அதே மாதிரி ஒரு கடையில் படுத்து எழுந்தவர்தான். தமக்கு நடந்ததை எனக்குச் செய்வது அவருக்குத் தவறாகவே தோன்றவில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற என் படிப்பு, பொட்டலம் மடிக்க வந்த பழைய பத்திரிகைகளில்தான் தொடர்ந்தது. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதிக் கொடுத்த ஆசிரியரின் கடிதம் வெகு நாள் என் பெட்டியில் கிடந்தது. இதை இங்கே எழுதக் காரணம், 'உறவினர் கடைதானே' என்ற பேச்சு இன்றும் நம்மிடையே அதிகம் அடிபடுவதால்தான்.

இன்று வயதைப் பற்றிச் சாக்குச் சொல்ல இடமில்லை. பன்னிரண்டு வயது முதல் அடையாளக்கார்டு இருக்கிறது. அதன் முதல் ஆறு எண்களே பிறந்த வருஷம், மாதம், தேதி. வேலை கேட்டு வரும் பையனின் கார்டை வாங்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'ஓடிப்போய்விடுவான்' என்று கார்டைக் கல்லாவில் போட்டுப் பூட்டி வைப்பது பழைய வழக்கம். பிறருடைய கார்டை வைத்துக்கொள்வது தேசியப் பதிவு விதிகளின்படி குற்றம்.

இனி 15 வயது நிரம்பாத சிறுவர்களைப் பார்ப்போம். சட்டம் அவர்களுக்குச் சில வேலைகளை மட்டுமே அனுமதிக்கிறது. நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது, அச்சிறுவனுடைய குடும்பம் நடத்தும் தொழிலில் அவனுடைய சக்திக்கு ஏற்ற லேசான வேலை. மற்றவை, அனுமதிப் பத்திரம் பெற்ற பொதுக் கேளிக்கை நிகழ்ச்சிகள், சர்க்கார் ஏற்பாட்டில் பள்ளியிலோ பயிற்சி நிலையத்திலோ நடக்கும் வேலை, தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநர் ஒப்புக்கொண்ட எழுத்து மூலமான தொழில் பழகுநர் ஒப்பந்தம் ஆகியவை. இவை நம் கடைகளுக்கு அதிகம் சம்பந்தப்படா.

'லேசான வேலை' என்பதற்குச் சட்டமே பொருள் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்து கை, கால், உடம்பை மிதமாக அசைத்துச் செய்வது. அல்லது நின்றுகொண்டு பெரும்பாலும் கைகளை மிதமாக அசைத்துச் செய்வது. பள்ளி முடிந்து வந்த மகன் கல்லாவில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுத்தால் அது லேசான வேலை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரிக்கும் கிடங்குக்கும் நடந்தால் அது லேசான வேலை அன்று, சொந்த மகனாக இருந்தாலும். 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 13 வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்த லேசான வேலையும் கிடையாது.

சட்டம் சொல்வது 'அவனுடைய குடும்பம் நடத்தும் தொழில்' என்று. பெரியப்பா கடை, மச்சான் கடை, வாப்பாவின் ஊர்க்காரர் கடை எல்லாம் குடும்பத் தொழில் ஆகுமா? தாய் தகப்பன் நடத்தாத கடையில் இந்தச் சலுகையை நம்பிப் பிள்ளையை வைப்பது ஆபத்து என்பதே என் அபிப்பிராயம். ஜமாஅத்தில் எல்லோரும் மாமா, மச்சான் என்று அழைத்துக்கொள்கிறோம். அந்த உறவை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து வாதாட முடியாது. தோட்டத்துக்கும் இதே கேள்வி உண்டு. செம்பனைத் தோட்டத்தில் தகப்பன் குலை வெட்ட, பதின்மூன்று வயது மகன் பின்னால் உதிரிப் பழம் பொறுக்கினால், தோட்டம் கம்பெனியினுடையதே தவிரக் குடும்பத்தினுடையதல்ல. குத்தகைக்காரர்களாக இருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்த நிலத்தில் நாலு மரம் வைத்திருக்கும் குடும்பத்தின் கதை வேறு.

சிறுவர் வேலை நேரமும் குறுகியது. இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை வேலை கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் அரை மணி ஓய்வு தர வேண்டும். ஒரு நாளில் 6 மணி நேரமே உச்சம். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 14 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும்.

அடுத்தது 15 முடிந்து 18 நிரம்பாத இளையவர்கள். நம்முடைய கேள்விகளில் பத்துக்கு ஒன்பது இவர்களைப் பற்றியதே. இவர்களை அலுவலகம், கடை, உணவகம், கிடங்கு, பட்டறை, தொழிற்சாலை முதலிய இடங்களில் அவர்கள் சக்திக்கு ஏற்ற வேலையில் அமர்த்தலாம். ஆகவே 17 வயதுப் பையனை வேலைக்கு வைத்ததே குற்றம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தால் அது தவறு. எந்த நேரத்தில், எத்தனை மணி, எந்த வேலை என்பதில்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு தனி ஷரத்து உண்டு. ஹோட்டல், உணவகம், தங்கும் விடுதி முதலியவற்றில் இளம் பெண்ணை அமர்த்த வேண்டுமானால், அந்த நிலையம் அவளுடைய பெற்றோர் அல்லது பாதுகாவலரின் நிர்வாகத்தில் இருக்க வேண்டும்.

நேர விஷயம் வருமாறு. இளையவர் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வேலை செய்யக் கூடாது. தோட்ட விவசாயம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இரவுத் தடையில் விலக்கு உண்டு. கடைக்கும் உணவகத்துக்கும் இல்லை. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பின் அரை மணி ஓய்வு. நாளொன்றுக்கு 7 மணி நேரம். இரண்டு நாள் வேலைக்கு இடையே 12 மணி நேர ஓய்வு. ஏழு நாளில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது.

இரவு 8 மணி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. நம் கெடாவில் வருஷம் முழுவதும் 8 மணி மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே விழும். மஃரிப் தொழுதுவிட்டு வந்தவன் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். இஷா பாங்கு கேட்கும்போது அவன் கடையில் இருக்கக் கூடாது. ஆனால் நாசி கண்டார் கடைக்காரருக்கு வியாபாரம் சூடு பிடிப்பதே இஷாவுக்குப் பிறகுதான். ரமலானில் தராவீஹ் முடிந்து கூட்டம் வருகிறது. பந்தாட்டம் நடக்கும் இரவுகளில் இரண்டு மணி வரை ஜனம் உட்கார்ந்திருக்கிறது. கூடுதல் ஆள் தேவைப்படும் நேரமும் சட்டம் தடுக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்துக்கு 18 நிரம்பிய ஆளைத்தான் தேட வேண்டும். வேறு வழி சட்டத்தில் இல்லை.

விடியற்காலையிலும் ஒரு வில்லங்கம். ரொட்டி சானாய்க் கல் 6 மணிக்குச் சூடாகிவிடுகிறது. 6 மணிக்கு இளையவன் வேலை தொடங்கலாம் என்பது சரிதான். ஆனால் முந்திய நாள் 8 மணிக்கு வேலை முடித்தவன், 12 மணி நேர ஓய்வு ஆகாமல் காலை 6-க்கு வர முடியாது; 8 மணிக்குத்தான் வரலாம். ஒரே பையனை மாலையிலும் காலையிலும் மாற்றி மாற்றிப் போடுபவர்கள் இந்த ஷரத்தில்தான் தெரியாமல் விழுகிறார்கள்.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் கணக்கு இன்னும் இறுகும். இளையவர்களுக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து 8 மணியைத் தாண்டக் கூடாது; 15 நிரம்பாதவர்களுக்கு இரண்டும் சேர்ந்து 7 மணி. இடைநிலைப் பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரை மணி நேரம் பள்ளிக்குப் போய்விட்டது. நாலாம் படிவத்தில் படிக்கும் 16 வயதுப் பையனுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். இரண்டாம் படிவத்தில் படிக்கும் 14 வயது மகனுக்கு, சொந்த வாப்பாவின் கடையில்கூட, அரை மணி நேரம். 'பள்ளி விட்டு வந்து மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரைதான் நிற்கிறான், படிப்பு கெடவில்லை' என்று பெருமையாகச் சொல்லும் முதலாளிமார் எத்தனை பேர்! அந்த ஐந்து மணி நேரத்தில் மூன்றரை மணி நேரம் சட்டத்துக்குப் புறம்பானது. இதைச் சொன்னபோது அலோர் ஸ்டாரில் ஒரு பெரியவர் என் முகத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகனைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலும்.

நம் மாநிலத்தில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளி நேரம் குறுக்கிடாத அந்த இரு நாட்களில் இளையவர் முழு 7 மணி நேரமும் வேலை செய்யலாம். காலை 11 முதல் 3 வரை நாலு மணி, அரை மணி ஓய்வு, மூன்றரை முதல் ஆறரை வரை மூன்று மணி, ஆக 7. வெள்ளியன்று ஜும்ஆ நேரத்துக்கு ஏற்பச் சற்று முன்பின் ஆக்கிக்கொள்ளலாம். பகல் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்துகிறது என்று கூலிமில் ஒரு கடைக்காரர் சொன்னார். அவர் தம் கடையில் இளையவர்களைப் பகலுக்கு மட்டும் வைத்து, மாலைக்கு வயது வந்தவர்களை நகர்த்திவிட்டார். பெரிய நஷ்டம் ஒன்றும் வந்ததாக அவர் சொல்லவில்லை.

நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில், மீ கோரெங் சட்டியருகே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். வயது 16. மணி பதினொன்றரை. பகலில் பள்ளிக்குப் போய் வந்தவன். தட்டை எடுக்கத் திரும்பியவன் கால் தடுக்கி, எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடியில் மோதிவிட்டான். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதலாளி இரவு முழுதும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். செலவையும் அவரே கொடுத்தார். ஆனால் பையனின் பெயரை சொக்சோவில் அவர் பதிந்திருக்கவில்லை. 'சும்மா ஒரு மாதத்துக்கு வந்த பையன்தானே' என்று விட்டிருந்தார். பையனின் தகப்பன் வழக்குப் போடவில்லை. அந்தக் கை இன்றும் முழுதாக நீள்வதில்லை.

சொக்சோவைப் பற்றி ஒரு வார்த்தை. பகுதி நேரம், தற்காலிகம், விடுமுறைக்கு வந்தவர் என்ற பேதமில்லாமல் வேலைக்கு அமர்த்தியவரைப் பதிய வேண்டும் என்பதே விதி. புதிய ஆளை 30 நாளுக்குள் பதிய வேண்டும். என் யோசனை, முதல் நாளே பதிந்துவிடுவது. விபத்து 30 நாள் காத்திருப்பதில்லை.

ஆபத்தான வேலையில் 18 நிரம்பாதவர் எவரையும் அமர்த்தக் கூடாது என்று 2019-ம் வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. எது ஆபத்தான வேலை என்பதை, பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் தகுதி பெற்ற அதிகாரிகளின் அபாய மதிப்பீட்டைக் கொண்டு முடிவு செய்வார்கள். பூமிக்கு அடியில் செய்யும் வேலை அறவே கூடாது. கடைக்காரர்கள் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கொதிக்கும் எண்ணெய், தேங்காய் துருவும் மோட்டார், இறைச்சி வெட்டும் இயந்திரம், உயர அடுக்கிலிருந்து மூட்டை இறக்குவது ஆகியவற்றின் அருகே இளையவரை விடாதிருந்தால் பெரும்பகுதி கவலை தீரும். இரவுச் சந்தையிலும் தெருவோரத்திலும் பிள்ளைகளை விட்டு விற்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 2001-ம் வருஷத்துச் சிறுவர் சட்டம், பிள்ளையைத் தெருவில் பிச்சை எடுக்கவோ லைசென்ஸ் இல்லாத வியாபாரம் செய்யவோ விடுபவரைத் தண்டிக்கிறது.

இனி ஒப்பந்த விஷயம். பிள்ளையின் தகப்பனிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் தமக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தகப்பனுடைய சம்மதம் நல்லதுதான். ஆனால் அது 8 மணியை 12 மணியாக்காது. சட்டம் விதித்த நேரத்தைத் தகப்பனாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பொதுவாக, 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் நிலை. கல்கத்தாவில் தொடங்கி 1903-ல் பிரிவி கவுன்சிலில் முடிவான மோஹரி பீபி வழக்கிலிருந்து இது வழிவழியாக வருகிறது. வேலை ஒப்பந்தத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். சிறுவரும் இளையவரும் வேலையாளாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சம்பளம் வராவிட்டால் தம் பெயரிலேயே வழக்கும் போடலாம். அதே ஷரத்து இன்னொன்றும் சொல்கிறது: அந்த ஒப்பந்தத்தை மீறியதற்காக அவர்களிடமிருந்து முதலாளி நஷ்டஈடு எதுவும் பெற முடியாது.

இதை வியாபாரக் கண்ணால் பாருங்கள். 'மூன்று மாதம் நிற்பேன் என்று சொல்லிவிட்டு ஒரு மாதத்தில் ஓடிவிட்டான், அவன் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன்' என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. தகப்பனுக்கு ஆயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை மகன் நிற்க வேண்டும் என்று கட்டிப்போடுவது அதைவிட மோசம். அந்த ஆயிரம் தகப்பனுடைய கடன். மகனுடைய கைகால் அதற்கு அடமானம் ஆகாது. பயமுறுத்தியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, அந்த இடத்தைவிட்டு வெளியேறவிடாமல் தடுப்பது கட்டாய உழைப்பு என்று வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் தனிக் குற்றமாக இருக்கிறது. அதற்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சிறுவர், இளையோர் சட்டத்தை மீறினால் கிடைக்கும் தண்டனையும் முன்போல் இல்லை. முதல் குற்றத்துக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஒரு லட்சம் வெள்ளி வரை, அல்லது 5 வருஷம் வரை, அல்லது இரண்டும். 2019-க்கு முன் முதல் குற்றத்துக்கு 2,000 வெள்ளிதான் உச்ச அபராதம். 'பிடித்தால் கட்டிவிட்டுப் போகிறேன்' என்று சொல்லக்கூடிய தொகை அது. இப்போது ஒரு சிறு கடையையே மூட வைத்துவிடும்.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் கெடுபிடி என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைக்குரிய குறைந்த வயது பற்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் உடன்படிக்கையை மலேசியா 1997-ல் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 2016-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், குடும்ப உதவி போன்ற சில விலக்குகள் தவிர, 14 நிரம்பாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. இலங்கை 2021-ல் குறைந்த வயதை 14-லிருந்து 16 ஆக உயர்த்தியது. நம் செம்பனை எண்ணெய் வெளிநாட்டுக்குப் போகிறது. அதைத் தயாரித்ததில் சிறுவர் கை பட்டதா என்று வாங்குபவன் அங்கிருந்தே கேட்கிறான்.

ஊரிலிருந்து பையனைக் கொண்டு வருவது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பனைக்குளத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் மீசை முளைக்காத பிள்ளைகள் சபுராளிகளாக வந்து இறங்கிய காலம் முடிந்துவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு விண்ணப்பிக்க 18 முதல் 45 வரை வயது இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்த உறவுக்காரப் பையனைக் கல்லாவில் உட்கார வைத்தால் குடிநுழைவு இலாகாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல நேரும்.

கஷ்டமான கேள்வி ஒன்று மிஞ்சியிருக்கிறது. பழைய தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்துவிட்டன. அப்படி வந்தவர்களில் சிலரின் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை, அடையாளக்கார்டும் இல்லை. பள்ளியில் சேர்க்க முடியாமல் தாய் தானே கொண்டுவந்து, "ஏதாவது வேலை கொடுங்க பாய், சோறாவது கிடைக்கும்" என்று கடை வாசலில் நிறுத்துகிறாள். சட்டத்தைக் காட்டி அனுப்பிவிடலாம். அந்தப் பிள்ளை சட்டமே தெரியாத வேறொருவன் கடைக்குப் போகும். வேலைக்கு வைத்துக்கொண்டால், வயதுக்கு ஆதாரமில்லாத ஒரு பிள்ளைக்கு நாம் பொறுப்பாளி ஆகிறோம். நான் இந்த இரண்டையும் செய்யாமல் ஒரு தடவை அந்தத் தாயை அழைத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போனேன். ஐந்து தடவை அலைந்தோம். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியின் பழைய கார்டு ஒன்று, பாட்டியின் டப்பாவுக்குள்ளிருந்து கிடைத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. 2003 முதல் ஆரம்பப் படிப்பு கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் உண்டு. பத்திரம் இல்லாத தாயிடம் இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

சுங்கைப்பட்டாணிச் சகோதரருக்கு நான் சொன்னது இதுதான்: இரண்டு பையன்களையும் நிறுத்த வேண்டாம். காலை 11-க்கு வரச் சொல்லுங்கள், ஆறரைக்கு அனுப்பிவிடுங்கள், நடுவில் அரை மணி உட்காரவிடுங்கள், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள், சொக்சோவில் பதியுங்கள், சம்பளத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அலோர் ஸ்டாரிலோ சுங்கைப்பட்டாணியிலோ உள்ள தொழிலாளர் இலாகாவில் நேரே போய்க் கேளுங்கள்; கேட்டதற்காக யாரையும் அவர்கள் பிடித்து வைப்பதில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்போ ராத்திரிக்கு யார் நானா தண்ணி கலக்குவது?" என்றார். அவருடைய மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.